ஏழாம் படுக்கையின் பெயர்

அந்தக் கதவு திறக்கும்போதெல்லாம் நாற்பது பேர் ஒரே நேரத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள்.

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே, நெடுஞ்சாலையோரம் நிற்கிற தனியார் ஆஸ்பத்திரி அது. இரண்டாம் மாடியில் ஐசியூ. கதவுக்கு வெளியே நீளமான ஒரு ஹால், வரிசையாக இரும்பு நாற்காலிகள். நோயாளிக்குத் துணையாக வந்து அங்கே காத்துக் கிடப்பவர்களுக்குப் பைஸ்டாண்டர் என்று பெயர். பிளாஸ்கும் பாயும் போர்வையுமாக அவர்கள் நாள்கணக்கில் அங்கேயே கிடப்பார்கள். கதவு திறக்கும். வெளிர்நீலச் சேலை உடுத்த ஒரு பெண் வெளியே தலை நீட்டி ஒரு பெயரைச் சொல்வாள். பெயருக்கு உரியவர் முகம் வெளிறி எழுந்து நடப்பார். மற்ற முப்பத்தொன்பது பேரும் கடவுளே, நாங்கள் இல்லை என்று மூச்சு விடுவார்கள்.

அந்த வெளிர்நீலச் சேலைக்காரிதான் ரத்னபாய். வயது ஐம்பத்தொன்று. அண்டியாபீஸ் என்கிற முந்திரி ஆலையில் கொட்டை தல்லி உடைத்தே விரல் கறுத்துப்போனவள், ஆறு வருஷத்துக்கு முன்பு இந்த வாசல் வேலைக்கு வந்தாள். ஊரில் அவளைக் கண்டு யாரும் பயந்ததில்லை. கோழி அறுப்பதைக்கூடப் பார்க்கமாட்டாள். ஆனால் அந்தக் கதவுக்கு முன்னால் அவள் எமனின் தூதுவி. ஆரியங்கோட்டுப் பேருந்தில் யாராவது அவளை அடையாளம் கண்டு சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டால், பாவம், அவளுக்குக் கண் நிறைந்துவிடும்.

அவர்களுக்கு அவளிடம் பயம். அவளுக்கோ பெயர்களிடம் பயம். இதை யாரிடம் சொல்வது?

முன்பெல்லாம் அந்தப் பயம் இல்லை. ஸ்ரீகுமாரி, ரெத்தினதாஸ், நிஜின் என்று எல்லாம் நாக்குக்குப் பழகிய பெயர்கள். இப்போது கட்டட வேலைக்கும் செங்கல் சூளைக்கும் எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். சாரத்திலிருந்து விழுகிறார்கள், எந்திரத்தில் கையைச் சிக்கவைத்துக்கொள்கிறார்கள். அட்டையில் இங்கிலீஷில் எழுதியிருக்கிற அவர்கள் பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னால் ஹால் முழுக்கச் சிரிப்பு கிளம்பும். நாற்பது பேர் பயந்து உட்கார்ந்திருக்கிற இடத்தில் சிரிப்பு எப்படி வரும் தெரியுமா? அணை உடைந்த மாதிரி வரும்.

அந்த வாரச் செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான் வந்தது. மூன்றாவது மாடிச் சாரத்திலிருந்து விழுந்து, தலையில் அடிபட்ட ஒரு ஒடிசாக்காரனை ஏழாம் படுக்கையில் சேர்த்திருந்தார்கள். சேர்த்துவிட்டுப் போன கான்ட்ராக்டர் பிறகு போனை எடுக்கவே இல்லை. ரத்னபாய் அட்டையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் படித்தாள்.

"கெட்... கெட்ராபசி ஜானி. கெட்ராபசிக்க பைஸ்டாண்டர்..."

"பசிச்சா கேன்டீனுக்குப் போவச் சொல்லுங்கக்கா!" என்றார் மூன்றாவது வரிசையில் இருந்த செல்லசாமி. அதியன்னூர்க்காரர். அவருடைய அண்ணன் ஒன்பதாம் படுக்கையில் நெஞ்சு வலியோடு கிடந்தார். ஹாலில் எல்லோரையும் சிரிக்கவைத்துக்கொண்டே, பயத்தை விழுங்கிக்கொண்டிருந்த மனுஷன்.

எல்லோரும் சிரித்தார்கள். சுவரோரம் தரையில் குந்தியிருந்த ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை. இருபத்திரண்டு வயது இருக்கும். மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி. சிமென்டுப் பொடி இன்னும் பாதத்தில் காய்ந்திருந்தது. எல்லோரும் ஏன் தன்னைப் பார்க்கிறார்கள் என்று புரியாமல், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு பார்த்தாள். அவன் மனைவி.

அன்றைக்கே ரத்னபாய் ஒரு தீர்மானத்துக்கு வந்தாள். இனி இந்த மாதிரிப் பெயர்களைச் சொல்ல வேண்டாம். படுக்கை எண்ணைப் பார்த்து, ஆளைக் கையைக் காட்டிக் கூப்பிட்டால் போதும்.

பாவி மனம் கண்டுபிடித்த அந்தச் சுலப வழிதான் மறுநாள் அவளைக் கொன்றது.

புதன்கிழமை காலை ஏழு மணி. அவள் டியூட்டிக்கு ஏறிய நேரம். டாக்டர் சிபி வேகமாக வந்து, "செவன் போயி. பைஸ்டாண்டரை விளிக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். ரத்னபாய் தன் காகிதத்தைப் பார்த்தாள். ஏழு, ஒடிசாக்காரன். செத்துப்போய்விட்டானா? கதவைத் திறந்தாள். பெயரைச் சொல்லவில்லை. சுவரோரம் இருந்த பெண்ணைப் பார்த்துக் கையை அசைத்தாள்.

அந்தப் பெண் எழுந்து வந்தாள். ரத்னபாய் அவள் தோளைப் பிடித்து உள்ளே அழைத்துப்போய், ஏழாம் படுக்கையைச் சுற்றியிருந்த பச்சைத் திரையை விலக்கினாள். தலைமுதல் கால்வரை வெள்ளைத் துணி.

ஐயோ, அந்தச் சத்தத்தை எந்த எழுத்தில் எழுதுவது! மனிதக் குரலே இல்லை அது. அந்தப் பெண் அலறிக்கொண்டு தரையில் விழுந்து நெற்றியை மோதினாள். இரத்தம் வந்தது. அதற்குள் பிரசீதா சிஸ்டர் ஓடிவந்தாள்.

"எக்கா! என்ன காரியம் செஞ்சிய? ராத்திரி படுக்கை மாத்தியாச்சு. ஏழுல இப்போ செல்லசாமிக்க அண்ணனாக்கும். இவளுக்க மாப்பிள்ளை ஒம்பதுல உண்டு, உயிரோட உண்டு!"

உயிரோடு இருக்கிற புருஷனை அந்தப் பெண்ணுக்குக் காட்டினார்கள். ஆனால் அவள் அறிவு கலங்கிவிட்டிருந்தது. தலைக்கட்டும் குழாய்களுமாகக் கிடந்த அவனையும் பிணமென்றே நினைத்துப் பின்னால் நகர்ந்தாள். இரண்டு பேர் பிடித்து வெளியே கொண்டுவந்து சுவரோரம் உட்கார்த்தினார்கள். கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

செல்லசாமிக்கு அண்ணனின் மரணம் கால்மணி நேரம் பிந்தித்தான் தெரிந்தது. அழுது முடித்து, காகிதங்களை வாங்கிக்கொண்டு இறங்கும்போது அவர் ரத்னபாயின் முன்னால் நின்றார். திட்டப்போகிறார் என்று அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"எனக்க அண்ணன் எப்பிடியும் போவாருன்னு எனக்குத் தெரியும் எக்கா" என்றார் அவர். "அந்தக் குட்டியத்தான் நீங்க கொன்னுட்டிய. நானும் சிரிச்சேன். அதும் பாவந்தான்."

வீட்டுக்கு வந்து ரத்னபாய் சோறு தின்னவில்லை. வேலை போய்விடுமோ என்ற பயம் ஒருபக்கம். நாளைக்குக் காலையில் மறுபடி அந்தக் கதவைத் திறக்க வேண்டுமே என்ற பயம் அதைவிடப் பெரிது. ஆட்டோ ஓட்டிக் களைத்து வந்த கணவர் ஜெயதாஸ், நடந்ததையெல்லாம் அவள் சொல்லக் கேட்டுவிட்டு, சாயாவை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"எட்டி, நம்மட ஹாலோபிரிக்ஸ் கம்பெனிக்குப் பொறத்த ஒரு கூட்டம் ஒடிசாக்காரனுவ உண்டே. அவனுவகிட்ட கேட்டா அந்தப் பேரைச் சொல்லித் தரமாட்டானுவளா?"

"அங்கயா? எனக்குப் பயமும் பேடியுமாட்டு இருக்கு."

"ஐசியூல பிணத்தைக் காட்டுகியவளுக்கு மனுசனைக் கண்டா பேடி!"

சொன்னது சுருக்கென்று தைத்தது. மூன்று வருஷமாக, பேருந்திலிருந்து இறங்கி வரும்போது அவர்கள் தங்கியிருக்கிற தகரக் கொட்டகை வரிசை வந்ததும் சாலையின் மறுபக்கத்துக்கு மாறி நடப்பவள் அவள். யாரும் அவளை ஒன்றும் செய்ததில்லை. அவர்கள் பேசுகிற பாஷை தெரியாது, அவ்வளவுதான். அந்தக் கொட்டகைக்குப் பின்னால் என்ன நடக்கிறதோ என்று ஊரே பேசும், அவளும் பேசியிருக்கிறாள்.

"நானும் வாறேன், எழும்பு" என்றார் ஜெயதாஸ்.

மாலை ஆறு மணி வெளிச்சத்தில் இருவரும் போனார்கள். வெளியே ஏழெட்டுப் பேர் குந்தியிருந்து கத்திரிக்காய் அரிந்துகொண்டிருந்தார்கள். ரத்னபாய் யூனிபாரச் சேலையை மாற்றியிருக்கவில்லை. தோளில் இருந்த முத்திரையைக் கண்டதும் அத்தனை பேரும் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கத்திரிக்காய்கள் மட்டும் வெளியே கிடந்தன.

ரத்னபாய் திகைத்துப்போனாள். என்னைக் கண்டா? என்னைக் கண்டா இவர்களும் பயப்படுகிறார்கள்?

ஜெயதாஸ் மலையாளத்தில் விளித்துச் சொல்லி, கையெடுத்துக் கும்பிட்டு, ஐந்து நிமிஷம் கழிந்துதான் ஒரு கதவு பாதி திறந்தது. பைராகி என்று பெயர் சொன்ன ஒரு நடுவயதுக்காரன். பத்து வருஷமாகக் கேரளத்தில் இருப்பவன், மலையாளம் தெரிந்தவன். போலீஸ் என்று நினைத்தோம் என்றான். விழுந்தவன் தன் பக்கத்து ஊர்க்காரன்தான் என்றும், யாரும் ஆஸ்பத்திரிப் பக்கம் போகக்கூடாது என்று கான்ட்ராக்டர் மிரட்டியிருக்கிறான் என்றும் சொன்னான்.

"அவருக்க பேர் எப்பிடிச் சொல்லணும் தம்பி?" என்று கேட்டாள் ரத்னபாய்.

"கேத்ரபாசி."

"கெத்ராபசி."

"இல்ல சேச்சி. கே... நெஞ்சிலேருந்து வரணும். கேத்ர. பாசி."

உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம். ஜெயதாஸும் சொல்லிப் பார்த்துத் தோற்றார். ரத்னபாயின் காதுமடல் சுட்டது. ஹாலில் கேட்ட அதே சிரிப்பு. ஆனால் இம்முறை அவள் விடவில்லை. பதினைந்து தடவை, இருபது தடவை சொன்னாள். கத்திரிக்காய் அரிந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து சுற்றி நின்றுகொண்டு, தவறு வந்ததும் ஒன்றுபோலத் தலையாட்டி மறுத்தார்கள். கடைசியில் பைராகி கையைத் தட்டினான். அவள் பந்துமுனைப் பேனாவை வாங்கி அதைத் தன் புறங்கையில் எழுதிக்கொண்டாள்.

"அவருக்க வீட்டுக்காரி நல்லாச் சொல்லித் தருவாளே, அவகிட்ட கேக்காம இங்க வந்தேன் பாருங்க" என்று சிரித்தாள்.

பைராகி சிரிக்கவில்லை. "அவ சொல்லமாட்டா சேச்சி. எங்க பக்கம் பெண்டாட்டி புருஷன் பேரைச் சொன்னா அவன் ஆயுசு குறையும். உயிர் போனாலும் சொல்லமாட்டா."

வியாழக்கிழமை காலை பதினொன்றரை. டாக்டர் சிபி கையில் ஸ்கேன் படத்தோடு வந்தார். ஒடிசாக்காரனின் தலைக்குள் இரத்தம் கட்டி அழுத்துகிறது. அரைமணி நேரத்துக்குள் ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோக வேண்டும். பைஸ்டாண்டர் வந்து கையெழுத்துப் போட வேண்டும்.

"வேகம்" என்றார்.

ரத்னபாய் புறங்கையைப் பார்த்தாள். வியர்வையில் மை பாதி கரைந்திருந்தது. பரவாயில்லை, நெஞ்சில் இருந்தது. கதவைத் திறந்தாள். நாற்பது பேர் மூச்சைப் பிடித்தார்கள்.

"கேத்ரபாசி ஜானியுடைய பைஸ்டாண்டர்!"

தெளிவாக, பிசகில்லாமல் வந்தது. யாரும் சிரிக்கவில்லை. சுவரோரம் இருந்த முதுகு விறைத்தது. கேட்டுவிட்டாள். தன் புருஷன் பெயர்தான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் அவள் எழவில்லை.

"கேத்ரபாசி ஜானி!"

அந்தப் பெண் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு சுவருக்குள் புகுந்துவிடுபவள்போல ஒண்டினாள். ரத்னபாய்க்கு எல்லாம் புரிந்தது. இந்தக் கதவு திறந்து, இந்த நீலச் சேலை அழைத்தால், போகிற இடத்தில் வெள்ளைத் துணிதான் இருக்கும். அதைத்தானே நேற்று நான் இவளுக்குக் கற்றுக்கொடுத்தேன்? எவ்வளவு சரியாகச் சொன்னால் என்ன? சரியாகச் சொல்லச் சொல்ல அவள் பயம்தானே கூடும்?

"என்ன ஆச்சு? இருபது நிமிஷம்தான் உண்டு" என்று உள்ளேயிருந்து டாக்டரின் குரல்.

டியூட்டி நேரத்தில் கதவை விட்டு நகரக்கூடாது என்பது சட்டம். ரத்னபாய் கதவை விட்டாள். ஹாலைத் தாண்டி நடந்து, அந்தப் பெண்ணின் முன்னால் தரையில், சேலை அழுக்காவதைப் பார்க்காமல் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். பெண் முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்தாள்.

இவளை என்ன சொல்லிக் கூப்பிடுவது? அப்போதுதான் அது அவள் நெஞ்சில் இடியாக இறங்கியது. மூன்று நாள். இவள் பெயரை யாரும் கேட்கவில்லை. காகிதத்தில் இல்லை. கொட்டகைக்குப் போயும், புருஷன் பெயருக்காக இருபது தடவை தொண்டை வறண்டும், இவள் பெயரைக் கேட்க அவளுக்குத் தோன்றவில்லையே!

ரத்னபாய் தன் நெஞ்சில் கையை வைத்தாள்.

"ரத்னபாய்" என்றாள்.

இன்னொரு தடவை சொன்னாள். பிறகு அந்தக் கையை அந்தப் பெண்ணின் முழங்கால்மேல் வைத்து, அப்படியே காத்திருந்தாள். சுவர்க் கடிகாரத்தின் முள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

முழங்காலுக்குள்ளிருந்து, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு குரல். "ராய்மதி."

"ராய்மதி" என்றாள் ரத்னபாய். "ராய்மதி மக்கா. வா. நான் கூட வாறேன்."

பாஷை புரியாது. ஆனால் தன் பெயர் புரியும். ராய்மதி தலையைத் தூக்கினாள். நெற்றியில் நேற்றைய காயம் கறுத்திருந்தது. அவளைப் பிடித்து எழுப்பியபோது அவள் கை பனிக்கட்டியாக இருந்தது.

கையெழுத்து மேஜைக்குப் போகாமல் ரத்னபாய் நேராக ஒன்பதாம் படுக்கைக்கே போனாள். திரையின் அருகே வந்ததும் ராய்மதியின் கால் நின்றுவிட்டது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். ரத்னபாய் அவள் கையை எடுத்து, போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவனுடைய உள்ளங்காலில் வைத்தாள்.

கால் சூடாக இருந்தது.

ராய்மதியின் விரல்கள் முதலில் துடித்தன. பிறகு அந்தக் காலை மெல்லத் தடவின. பிறகு பற்றிக்கொண்டன. அவள் கண்ணைத் திறந்து ரத்னபாயைப் பார்த்த பார்வை இருக்கிறதே, ரத்னபாய் சாகும்வரை மறக்கமாட்டாள். பிரசீதா சிஸ்டர் காகிதத்தை அங்கேயே கொண்டுவந்தாள். வலது கை காலை விடாமல் பிடித்திருக்க, ராய்மதி இடது பெருவிரலை மையில் தோய்த்து வைத்தாள்.

இரண்டு மணிக்கு ரத்னபாயின் டியூட்டி முடிந்தது. அவள் போகவில்லை. ஹாலில், சுவரோரம், ராய்மதியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். ஆறு வருஷத்தில் முதல்முறையாக அந்தக் கதவை வெளிப்பக்கத்திலிருந்து பார்த்தாள். ஒவ்வொரு தடவை அது திறந்தபோதும், பெயர் காதில் விழும்வரை அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அம்மாடி, இப்படியா இருக்கும் இவர்களுக்கு?

நாலரை மணிக்குக் கதவைத் திறந்தது பிரசீதா. ஆபரேஷன் முடிந்தது. ஆனால் ஆள் கண் விழிக்கவில்லை. மருந்தை நிறுத்தி நேரமாகிவிட்டது. பெயர் சொல்லி விளித்தால் திரும்பிப் பார்க்க வேண்டும், பார்க்காவிட்டால் டாக்டருக்குக் கவலை.

"டாக்டர் விளிச்சு, நான் விளிச்சு, ஒரு அனக்கமும் அசைவும் இல்ல எக்கா. இவளை விளிக்கச் சொல்லுங்க. சொந்தக் குரலு கேட்டா ஒருவேளை..."

படுக்கையருகே நிறுத்தி, அவன் காதையும் அவள் வாயையும் காட்டினார்கள். ராய்மதிக்குப் புரிந்தது. இரண்டடி பின்னால் போனாள். முந்தானையை வாயில் அடைத்தாள். கண்ணில் கொலைப் பயம். சொன்னால் அவன் ஆயுசு போகும். சொல்லாவிட்டாலும் போகும். அந்தச் சின்னப் பெண் இரண்டுக்கும் நடுவில் நின்று, தலையை மட்டும் இல்லை இல்லை என்று ஆட்டினாள்.

"எந்தா இவளுக்கு?" என்றார் டாக்டர் சிபி.

"அவ சொல்லமாட்டா சார். சொல்லவும் வேண்டாம்" என்றாள் ரத்னபாய். தன் குரலா அது என்று அவளுக்கே சந்தேகம். "நான் விளிக்கேன்."

குனிந்தாள். நெஞ்சிலிருந்து எடுத்தாள். "கேத்ரபாசி! கேத்ரபாசி ஜானி!"

ஒன்றும் இல்லை. எந்திரத்தின் கீச்சொலி மட்டும். இன்னும் உரக்க விளித்தாள். வாசலில் நின்று ஆறு வருஷமாக விளித்த அதே குரல், நாற்பது பேரைக் குலைநடுங்க வைக்கிற குரல்.

சட்டென்று ஒரு சில்லிட்ட கை அவள் வாயைப் பொத்தியது. ராய்மதி. அவள் தலையை அசைத்தாள். அப்படி இல்லை. உள்ளங்கையைத் தாழ்த்திக் காட்டினாள், மெதுவாக. பிறகு அந்தக் கையைக் காற்றில் நீளமாக, வளைவாக இழுத்தாள், யாரோ வயலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து சாப்பிடக் கூப்பிடுவதுபோல. வாய் திறக்காமல், பெயரைச் சொல்லாமல், அந்தப் பெயர் தன் வீட்டில் எப்படி ஒலிக்கும் என்பதை முழுதாகக் காட்டிவிட்டாள்.

ரத்னபாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே விளித்தாள். கை உயர்ந்த இடத்தில் உயர்ந்து, தாழ்ந்த இடத்தில் தாழ்ந்து.

"கேத்...ரபாசீ..."

ஒரு தடவை. இரண்டு தடவை. மூன்றாவதில் இமை துடித்தது. கீற்றுபோலத் திறந்தது. கறுத்த விழி மெல்ல நகர்ந்து, நீலச் சேலையைத் தாண்டி, அதன் பின்னால் நின்ற மூக்குத்திக்காரியிடம் போய் நின்றது.

"மருந்து தெளியுற நேரம்தான்" என்றார் டாக்டர் சிபி, தன் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டே. ராய்மதி ரத்னபாயின் தோளில் சாய்ந்து ஓசையில்லாமல் அழுதுகொண்டிருந்தாள்.

ரத்னபாய் இன்றும் அந்த வாசலில்தான் நிற்கிறாள். பயம் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். புதிதாக யார் வந்து சேர்ந்தாலும் அவர்கள் துணையின் பக்கத்தில் போய்க் குந்தி, நோயாளியின் பெயரோடு அவர்கள் பெயரையும் கேட்டு, இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்துப் புறங்கையில் எழுதிக்கொள்கிறாள். சிரிக்கிறவர்கள் சிரிக்கிறார்கள். பிறகு கதவுக்கு உள்ளே போய் நிற்கிறாள். கைப்பிடியில் கை வைக்கிறாள். ஒரு மூச்சு இழுத்துக் குரலைத் தாழ்த்திக்கொள்கிறாள். அதன் பிறகுதான் கதவைத் திறக்கிறாள்.